ஒரே ஒரு பயணத்துக்குத்தான் காசு: லாகோஸா, பாரிஸா, துபாயா, இல்லை வீட்டிலேயே திரை முன்னால் உட்கார்ந்துவிடலாமா?

கையில் இருக்கிற பணம் வருடத்துக்கு ஒரு பயணத்துக்குத்தான் வரும். பார்க்க ஆசைப்படுவது பெரிய பிராண்டுகளை அல்ல, நைஜீரியா, செனகல், பிரேசில், ஜார்ஜியா, இந்தியா மாதிரி நாடுகளிலிருந்து வரும் வடிவமைப்பாளர்களை. எந்த ஃபேஷன் நிகழ்ச்சிக்கு டிக்கெட் போடுவது?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. சின்னதாய் ஒரு துணிக்கடை வைத்துக்கொண்டு, மற்ற கடைகளில் கிடைக்காத சரக்கைத் தேடுபவர். ஃபேஷன் பற்றி எழுதுபவர் அல்லது அதைப் படிக்கும் மாணவர். அப்புறம், தானே வடிவமைப்பாளராக இருந்து, அடுத்த வருடம் எங்கே தன் துணியைக் காட்டலாம் என்று நோட்டம் பார்க்கப் போகிறவர். மூவருக்கும் ஒரே பதில் கிடையாது, ஆனால் மூவரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள்: ஊரை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கே போய் என்ன செய்யப்போகிறோம் என்பதை விமானம் ஏறிய பிறகு யோசிக்கிறார்கள். நானும் அப்படிப் போய்த்தான் கற்றுக்கொண்டேன். முதல் தடவை போன நிகழ்ச்சியில் இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்கிய ஷோவை நான்காவது வரிசையிலிருந்து பத்து நிமிடம் பார்த்தேன், எனக்கு முன்னால் இருந்தவரின் கைபேசித் திரையில்தான் பாதியைப் பார்த்தேன், ஒரு துணியைக்கூடத் தொடாமல் திரும்பிவந்தேன்.

இந்த நாடுகளையெல்லாம் சேர்த்துச் சொல்லும் 'வளரும் சந்தை' என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1981-இல் உலக வங்கிக் குழுமத்தில் வேலை பார்த்த அந்துவான் வான் அக்த்மேல், ஏழை நாடுகளின் பங்குகளில் முதலீட்டாளர்களை ஈர்க்கக் கண்டுபிடித்த சொல் அது. முதலீடு திரட்ட வைத்த பெயர் என்பதால் லாகோஸையும் ஷாங்காயையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. அங்குள்ள வடிவமைப்பாளர்கள் பலருக்கு இந்தப் பெயர் பிடிக்காது. அவர்களிடம் பேசும்போது நாட்டின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, உங்களை உள்ளே விடுவார்களா? ஃபேஷன் வாரம் என்பது திருவிழா மாதிரித் தெரிந்தாலும் பெரும்பாலும் அது அழைப்பின் பேரில் நடக்கும் வேலை. சில இடங்களில் பொதுமக்களுக்கும் டிக்கெட் உண்டு, சில இடங்களில் கடை பதிவுச் சான்று காட்டினால்தான் வாசலைத் தாண்ட முடியும்.

இரண்டாவது, துணியைக் கையில் எடுத்துப் பார்க்க முடியுமா? என்னைக் கேட்டால் இதுதான் முதலில் வரவேண்டியது. மேடையில் ஒரு உடை உங்களைக் கடந்துபோக சில விநாடிதான் ஆகும். தையல் எப்படி, உள்பக்கம் எப்படி முடித்திருக்கிறார்கள், கைத்தறி என்கிறார்களே நிஜமாகவே கைத்தறியா என்பதெல்லாம் ஷோரூமில் ஹேங்கரில் தொங்கும்போதுதான் தெரியும். ஷோரூம் இல்லாத ஃபேஷன் வாரம் காசு கொடுத்துப் பார்க்கும் நாடகம். நாடகம் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அதிலும் தவறில்லை.

மூன்றாவது, காலண்டர். பெண்கள் ரெடிமேட் உடைக்கான வாரங்கள் நியூயார்க், லண்டன், மிலன், பாரிஸ் என்ற வரிசையில் பிப்ரவரி-மார்ச்சிலும் செப்டம்பர்-அக்டோபரிலும் வரும். மார்ச்சில் கொடுத்த ஆர்டர் குளிர்காலத்துக்காக ஜூலைக்கு மேல் கடைக்கு வரும், அக்டோபரில் கொடுத்தது அடுத்த கோடைக்காக வருடத் தொடக்கத்தில் வரும். இந்தச் சக்கரத்துக்கு வெளியே நடக்கும் நிகழ்ச்சிக்குக் கடைக்காரர் போனால், பார்த்தது பிடித்திருந்தாலும் ஆர்டர் புத்தகம் மூடியிருக்கும், அல்லது உங்கள் பணம் தீர்ந்திருக்கும்.

நான்காவது, முழுச் செலவு. டிக்கெட்டும் ஹோட்டலும் அதில் கண்ணுக்குத் தெரிகிற பாதி மட்டும்தான்.

ஐந்தாவதைப் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை: அந்த வடிவமைப்பாளரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது யார் காசு? அரசு, வங்கி, வளர்ச்சி நிறுவனம், கார் கம்பெனி என்று யாரோ ஒருவர் செலவை ஏற்றிருப்பார். தப்பே இல்லை. ஆனால் அந்தக் காசு அடுத்த சீசன் நின்றால் அவரும் அந்த ஊருக்கு வரமாட்டார். ஒரு முறை ஆர்டர் கொடுத்து வாடிக்கையாளர்களைப் பழக்கிவிட்ட பிறகு அவரைக் காணோம் என்றால் நஷ்டம் உங்களுக்கு.

## வடிவமைப்பாளரின் சொந்த ஊருக்கே போவது

லாகோஸ், டக்கார், சாவோ பாவ்லோ, ஜோஹன்னஸ்பர்க், திபிலிசி, மும்பை எல்லாம் இந்தப் பட்டியலில் வரும்.

லாகோஸ் ஃபேஷன் வீக்கை 2011-இல் ஓமொயேமி அகெரெலே தொடங்கினார். பெரும்பாலும் அக்டோபர் கடைசியில் நடக்கிறது. கழிவைக் குறைக்கும் முயற்சிகளுக்காக 2025-இல் எர்த்ஷாட் என்ற சுற்றுச்சூழல் பரிசும் வாங்கியது. டக்கார் ஃபேஷன் வீக் அதைவிட மூத்தது, 2002-இல் அடாமா என்ஜாயே ஆரம்பித்தார், அடாமா பாரிஸ் என்ற பிராண்டின் பெயரில் அவரைப் பலருக்குத் தெரியும். 2020-இல் கொரோனா காரணமாக அரங்கம் வேண்டாம் என்று பாவோபாப் மரங்கள் நிற்கும் காட்டிலேயே ஷோவை நடத்தினார்கள். அதற்கும் முன்னால், 1998-இலேயே, நைஜரில் அல்ஃபாடி பாலைவன மணலில் ஆப்பிரிக்க ஃபேஷன் விழா நடத்திக் காட்டியிருக்கிறார். 'இப்போதுதான் எழுந்துவருகிறார்கள்' என்று எழுதுகிறவர்கள் இந்த வருடங்களைக் கொஞ்சம் கவனித்தால் நல்லது.

சொந்த ஊருக்குப் போவதன் பெரிய லாபம், நீங்கள் சீக்கிரம் பார்த்துவிடுகிறீர்கள் என்பது. ராகுல் மிஷ்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-இல் மும்பை லக்மே ஃபேஷன் வீக்கில் புதியவர்களுக்கான ஜென்நெக்ஸ்ட் மேடையில் வந்தார். 2014-இல் மிலனில், கம்பளித் துணியில் செய்யும் வடிவமைப்புக்கான சர்வதேச வூல்மார்க் பரிசை வென்றார், இந்தியர் ஒருவர் அதை வென்றது அதுவே முதல் முறை. 2020 ஜனவரியில் பாரிஸ் ஓட் கூட்யூர் (அளவெடுத்துக் கையால் செய்யும் உயர்ரக உடைகள்) வாரத்தில் காட்டினார். பாரிஸில் பார்த்தவருக்கும் மும்பையில் பார்த்தவருக்கும் நடுவில் பதினான்கு வருட இடைவெளி. ஒரு கடைக்காரருக்கோ எழுத்தாளருக்கோ இதைவிடப் பெரிய முன்னிலை கிடைக்காது. ஆனால் அந்த 2006 மேடையில் வந்த எல்லோரும் பாரிஸ் போய்ச் சேரவில்லை என்பதையும் சேர்த்தே கணக்குப் போடணும், சீக்கிரம் பார்ப்பது என்றால் நிறைய தப்பாகவும் பார்ப்பது.

இரண்டாவது லாபம் தயாரிப்பைப் பார்ப்பது. ஷோ முடிந்த மறுநாள் பட்டறைக்கு வரலாமா என்று கேளுங்கள், அநேகமாக வரச்சொல்வார்கள். எத்தனை தையல்காரர்கள் இருக்கிறார்கள், தறிக்காரர்கள் அவரிடமே வேலை செய்கிறார்களா இல்லை வெளியே கொடுத்து வாங்குகிறாரா, மின்சாரம் போனால் என்ன செய்கிறார்கள், ஐம்பது உடை கேட்டால் எத்தனை வாரம் ஆகும் என்று அங்கே நின்று பத்து நிமிடம் பார்த்தாலே புரிந்துவிடும். நைஜீரியாவின் யோருபா மக்களின் அசோ ஓகே நெசவை வைத்துப் பெயர் வாங்கியவர் கென்னத் இசே. அந்த நெசவு குறுகிய பட்டைகளாகத்தான் தறியிலிருந்து வரும், பட்டைகளை ஒன்றோடொன்று தைத்துத்தான் அகலம் வரவேண்டும். இது புரியாமல் 'ஏன் இவ்வளவு விலை, ஏன் இவ்வளவு நாள்' என்று பாரிஸில் நின்று பேரம் பேசும் கடைக்காரர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

இனி குறைகள். காலண்டர் இடிக்கும். லாகோஸ் வாரம் வரும்போது பாரிஸ் முடிந்து சில வாரம் ஆகியிருக்கும், வெளிநாட்டுக் கடைகளின் கோடைக்கால ஆர்டர்கள் ஏறக்குறைய போய்விட்டிருக்கும். அதனால் அங்கே பலர் உள்ளூர் வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்பதையே மனதில் வைத்துத் துணி செய்கிறார்கள், மொத்த விலைப் பட்டியலே கையில் இல்லாதவர்களும் உண்டு. வருடம் முழுக்க வெயில் அடிக்கும் ஊரில் 'குளிர்காலக் கலெக்ஷன்' என்றால் சட்டைதான் இருக்கும், கோட்டு இருக்காது. சாவோ பாவ்லோவிலும் ஜோஹன்னஸ்பர்க்கிலும் வேறு சிக்கல், அங்கே பருவமே தலைகீழ்.

மறைந்திருக்கும் செலவில் முதலாவது தடுப்பூசி. நைஜீரியாவுக்குள் போகும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்கலாம், அங்கிருந்து திரும்பும்போது உங்கள் நாடோ நடுவில் இறங்கும் நாடோ அதே சான்றைக் கேட்கலாம். ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும், கடைசி வாரத்தில் ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டால் பயனில்லை. ஒரு முறை போட்டால் வாழ்நாள் முழுக்கச் செல்லும் என்பது மட்டும் ஆறுதல். அடுத்தது நேரம்: லாகோஸ் விமான நிலையம் நிலப்பகுதியில் இகெஜாவில், ஷோக்கள் பெரும்பாலும் தீவுப் பக்கம் விக்டோரியா ஐலண்டில், நடுவில் பாலங்களும் உலகம் அறிந்த போக்குவரத்து நெரிசலும். அரங்கத்துக்குப் பக்கத்தில் தங்க ஆகும் கூடுதல் காசை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள், அது காரிலேயே கரைந்துவிடும். மூன்றாவது, தேதி மாறும் அபாயம். ஸ்பான்சர், அரசியல், தேர்தல், போராட்டம் என்று எதனாலும் ஒரு வாரம் நகரலாம், ரத்துகூட ஆகலாம். தேதியை மாற்றக்கூடிய டிக்கெட்டுக்குச் சற்று அதிகம் கொடுப்பது இங்கே வீண் செலவல்ல.

திபிலிசி தனி ரகம். ஸோஃபியா ச்கோனியா 2015-இல் அங்கே தொடங்கிய ஃபேஷன் வாரம் வெளிநாட்டு எழுத்தாளர்களைத் திரளாக அழைத்துவந்து, சின்ன ஊருக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது. பல நாட்டவருக்கு ஜார்ஜியா விசா இல்லாமலே ஒரு வருடம் தங்க அனுமதி தருகிறது, உங்கள் பாஸ்போர்ட் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் முறை போகிறவர், லாகோஸைச் சமாளிக்க முடியுமா என்று தயங்குகிறவர், இங்கிருந்து தொடங்கலாம்.

யாருக்கு ஏற்றது: எழுதுபவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், சொந்த ஊருக்குப் போங்கள். கடைக்காரருக்கு, ஏற்கெனவே இரண்டு மூன்று வடிவமைப்பாளர்களிடம் பேசிவைத்திருந்தால் மட்டும்.

## பாரிஸ், மிலன், ஃபுளோரன்ஸ், லண்டன்: அவர்கள் வந்து நிற்கும் இடம்

இங்கே நீங்கள் வடிவமைப்பாளரைத் தேடிப் போகவேண்டியதில்லை, அவரே ஹேங்கரும் விலைப்பட்டியலுமாக உங்களுக்காகக் காத்திருக்கிறார்.

பாரிஸில் இரண்டு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று டிரானோய் வணிகக் கண்காட்சி. ஆப்பிரிக்க நாடுகளின் ஏற்றுமதி-இறக்குமதிக்குக் கடன் கொடுக்கும் ஆஃப்ரெக்சிம் வங்கியின் கேனெக்ஸ் திட்டம் பல ஆப்பிரிக்க நாட்டு வடிவமைப்பாளர்களை அங்கே ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்திருக்கிறது. இன்னொன்று பாரிஸ் ஃபேஷன் வாரத்தை நடத்தும் கூட்டமைப்பே புதியவர்களுக்காக வைக்கும் ஸ்ஃபியர் ஷோரூம். இத்தாலியில் ஜனவரியிலும் ஜூனிலும் ஃபுளோரன்ஸ் கோட்டைக்குள் நடக்கும் பிட்டி ஊவோமோ ஆண்கள் உடைக்கானது. 2016 ஜனவரியில் அங்கே 'ஜெனரேஷன் ஆப்பிரிக்கா' என்று தனி மேடை கொடுத்தார்கள். மிலனில் ஸ்டெல்லா ஜான், எட்வர்ட் புக்கனன், மிஷேல் என்கொமோ மூவரும் சேர்ந்து 2020-இல் தொடங்கிய முயற்சி, இத்தாலியில் வேலை செய்யும் கறுப்பின வடிவமைப்பாளர்களை அதிகாரபூர்வ அட்டவணைக்குள் கொண்டுவந்தது. அதில் வந்தவர்களில் பலர் புலம்பெயர்ந்து இத்தாலியில் வாழ்பவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். துணி இத்தாலியில் தைக்கப்பட்டதென்றால் சுங்கவரி, டெலிவரி நாட்கள் எல்லாமே வேறு கணக்கு.

இங்கே ஆர்டர் கொடுப்பது சுலபம். மொத்த விலை, குறைந்தபட்ச எண்ணிக்கை, அளவுகள், டெலிவரி மாதம் எல்லாம் ஒரே தாளில் இருக்கும். ஒரே நாளில் பதினைந்து பேரைப் பார்த்து ஒப்பிடலாம், கையிலேயே எடுத்துப் பார்த்து, பிடிக்காததை மரியாதையாக ஒதுக்கிவிட்டு நகரலாம். ஒருவர் வீட்டுக்கே போய் டீ குடித்துவிட்டு 'எனக்கு வேண்டாம்' என்று சொல்வதைவிட இது எவ்வளவோ எளிது. (சிரிக்காதீர்கள், இந்தச் சங்கடத்தால் தேவையில்லாத ஆர்டர் கொடுத்தவர்கள் நிறைய.)

பரிசு வாங்கியவர்கள் கையில் அகப்படுவதும் இங்கேதான். 2019-இல், எல்விஎம்ஹெச் என்ற ஆடம்பரப் பொருள் நிறுவனம் இளம் வடிவமைப்பாளர்களுக்குத் தரும் பரிசை வென்ற தென்னாப்பிரிக்காவின் தெபே மகுகு அதை வென்ற முதல் ஆப்பிரிக்கர், 3,00,000 யூரோ பரிசு. 2023-இல் வூல்மார்க் பரிசு லாகோஸ் ஸ்பேஸ் புரோகிராம் நடத்தும் அடெஜு தாம்ப்சனுக்குப் போனது. 2020 ஜனவரியில் கேமரூனின் இமானே அயிசி ஓட் கூட்யூர் அட்டவணையில் இடம்பிடித்தார். ஆனால் இப்படிப் பெயர் வந்த பிறகு அவர்களைப் பாரிஸில் சந்திக்க உங்களைப் போல இருநூறு பேர் வரிசையில் நிற்பார்கள், சின்னக் கடைக்கு நேரம் ஒதுக்க மாட்டார்கள், அல்லது உங்கள் ஊரில் பெரிய கடை ஒன்றுக்கே முழு உரிமையும் கொடுத்துவிட்டிருப்பார்கள்.

குறைகளில் முதலாவது, வாசல். வணிகக் கண்காட்சிக்குள் கடைக்காரர், ஏஜெண்டு, பத்திரிகையாளர் என்று சான்று காட்டிப் பதிவு செய்தவர்கள்தான் போக முடியும். மாணவர்களுக்கு இங்கே பெரும்பாலும் தெருவோரப் புகைப்படம்தான் மிச்சம்.

விசாவிலும் ஒரு பொறி இருக்கிறது. விசா தேவைப்படும் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ, மறுத்தாலும் திரும்ப வராது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம், ஆனால் நேர்காணல் நேரம் கிடைப்பதே சில ஊர்களில் குதிரைக்கொம்பு. லண்டனையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் பாரிஸ் போகலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் பிரிட்டன் விசா தனி என்பதை மறந்துவிடுகிறார்கள். இரண்டு விசா, இரண்டு கட்டணம், பாஸ்போர்ட் ஒரு தூதரகத்தில் மாட்டிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றுக்குக் கொடுக்க முடியாத அவஸ்தை. என் யோசனை, முதல் பயணத்தில் லண்டனை விட்டுவிடுங்கள்.

பாரிஸில் அந்த வாரம் ஹோட்டல் விலையைப் பற்றி நான் புலம்பத் தொடங்கினால் கட்டுரை முடியாது. புறநகரில் தங்கி மெட்ரோவில் வாருங்கள்.

பணத்தின் காலம் என்று இன்னொரு விஷயமும் இருக்கிறது. பெரிய கடைகள் தங்கள் பணத்தில் பெரும்பங்கை ஜனவரி, ஜூன் மாதங்களில், ஃபேஷன் வாரங்களுக்கு முன்பே விற்பனைக்குக் காட்டும் ப்ரீ-கலெக்ஷனுக்கே செலவழித்துவிடுகின்றன. மார்ச், அக்டோபரில் வந்து நிற்கும் புதியவருக்கு மிஞ்சியதுதான். சின்னக் கடைக்கு இது ஒருவகையில் நல்லது, ஏனென்றால் அந்த நேரத்தில் புதியவர்கள் எண்ணிக்கையிலும் முன்பணத்திலும் இறங்கிவரத் தயாராக இருப்பார்கள். வெட்கப்படாமல் கேளுங்கள், ஆனால் கேட்டு வாங்கினால் சொன்ன தேதியில் பணம் கொடுங்கள். முப்பது சதவீதம் முன்பணத்தில் நூல் வாங்கித் தறி ஓட்டுகிறவரிடம் மீதியை இழுத்தடிப்பது பாவம்.

யார் காசு என்ற அந்த ஐந்தாவது அளவுகோல் அதிகம் பொருந்துவதும் இங்கேதான். பிரிட்டிஷ் கவுன்சிலும் பிரிட்டிஷ் ஃபேஷன் கவுன்சிலும் சேர்ந்து 2012-இல் தொடங்கிய 'இன்டர்நேஷனல் ஃபேஷன் ஷோகேஸ்' லண்டனில் பல நாட்டுப் புதியவர்களைக் காட்டியது, 2019-இல் சாமர்செட் ஹவுஸில் நடந்தது நினைவிருக்கலாம். நிறுவனக் காசில் நிற்கும் இப்படிப்பட்ட மேடைகள் நிரந்தரம் இல்லை. 'அடுத்த சீசனும் வருவீர்களா, யார் செலவில்?' என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

யாருக்கு ஏற்றது: கடைக்காரருக்கு இதுதான் முதல் தேர்வு. நோட்டம் பார்க்கும் வடிவமைப்பாளருக்கும் இதுதான், ஒரு ஸ்டாண்டு எடுக்க ஆயிரக்கணக்கான யூரோ கொடுப்பதற்கு முன்னால், அந்த ஹாலில் எந்த மூலையில் கூட்டம் வருகிறது, எந்த மூலையில் ஈ ஓட்டுகிறார்கள் என்று ஒரு நாள் நடந்து பார்த்துவிடலாம்.

## துபாயும் ஷாங்காயும்

துபாய் ஃபேஷன் வீக், துபாய் டிசைன் டிஸ்ட்ரிக்டும் அரபு ஃபேஷன் கவுன்சிலும் சேர்ந்து நடத்துவது. நியூயார்க் தொடங்குவதற்கு முன்பே, பிப்ரவரி, செப்டம்பர் தொடக்கத்தில் தேதி வைக்கிறார்கள், காலண்டருக்கு அது சரியாகப் பொருந்தும். விமானம், ஹோட்டல், சாலை எதிலும் தலைவலி இல்லை. ஆனால் மாலை விருந்துக்கான பளபளப்பான கவுன்களின் பங்கு அதிகம், வளைகுடா வாடிக்கையாளருக்குப் பிடித்தது அதுதான். உங்கள் கடை அப்படிப்பட்டது என்றாலோ, உடலை மூடும் அடக்கமான உடைகளைத் தேடுகிறீர்கள் என்றாலோ துபாய் மிகச் சரி. பருத்திச் சட்டையும் கைத்தறிக் கால்சட்டையும் தேடிப் போனால் மூன்று நாளில் அலுத்துவிடும்.

ஷாங்காயைப் பலர் இந்தக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அங்கே நிஜமாகவே வியாபாரம் நடக்கிறது, ஊர் முழுக்க ஷோரூம்கள், சீனாவின் நூற்றுக்கணக்கான தனிக்கடைகள் வந்து வாங்கிப்போகும். லேபல்ஹுட் என்ற மேடை புதிய சீன வடிவமைப்பாளர்களைக் காட்டுகிறது, சாதாரண ரசிகர்களையும் சேர்த்துக்கொள்வது அதன் பழக்கம். ஆனால் விலைப்பட்டியலும் பேச்சும் பெரும்பாலும் சீன மொழியில், கூகுள் வேலை செய்யாது, பணம் அலிபே அல்லது வீசாட் என்ற கைபேசிச் செயலியில்தான் (இப்போது வெளிநாட்டு அட்டையை அதில் இணைத்துக்கொள்ளலாம்). மொழிபெயர்ப்பாளரை நாள் கூலிக்கு வைத்துக்கொள்வதை ஆடம்பரம் என்று நினைக்காமல் பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள்.

## ஃபேஷன் வாரத்துக்குப் பதில் அருங்காட்சியகம்

மாணவர்களுக்கு மட்டும் இதைச் சொல்கிறேன். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2022-இல் தொடங்கிய 'ஆப்பிரிக்கா ஃபேஷன்' கண்காட்சி பிறகு புரூக்ளினுக்கும் மெல்பர்னுக்கும் போனது. இந்த மாதிரிக் கண்காட்சியில் ஒரு உடைக்கு முன்னால் அரை மணி நேரம் நின்று வரைந்துகொள்ளலாம், யாரும் தள்ள மாட்டார்கள், அழைப்பிதழ் கேட்க மாட்டார்கள். ஒரு ஷோவின் நின்றுபார்க்கும் இடத்துக்காகக் கெஞ்சுவதைவிட இதில் கற்பது அதிகம். அடுத்தது எங்கே வருகிறது என்று பார்த்துப் பயணத்தை அமைத்துக்கொள்ளலாம்.

## வீட்டிலேயே உட்கார்ந்து பார்ப்பது

2020-இல் எல்லோரும் இதற்குத்தான் தள்ளப்பட்டார்கள். ஷாங்காய் அந்த மார்ச்சிலேயே முழு வாரத்தையும் இணையத்துக்கு மாற்றியது. மே மாதம் காங்கோ வேர்கள் கொண்ட அனிஃபா முவெம்பா தன் ஹனிஃபா பிராண்டை இன்ஸ்டாகிராமில், மாடல்களே இல்லாமல், காற்றில் நடந்துவரும் முப்பரிமாண உடைகளாகக் காட்டினார். பெரிய மேடை எதற்காகவும் அவர் காத்திருக்கவில்லை. அந்த வருடம் அதிகம் பேசப்பட்ட ஷோக்களில் ஒன்று அது.

திரையில் வடிவமும் நிறமும் தெரியும், எடையும் தொடு உணர்வும் தெரியாது. ஜூர் மாதிரி மொத்த வணிகத் தளங்களில் கடைக்காரர் நேரடியாக ஆர்டரும் போடலாம். பயணச் செலவில் கால்வாசியைக்கூடச் செலவழிக்காமல், பிடித்த ஐந்து பேரிடம் ஆளுக்கொரு சேம்பிள் காசு கொடுத்து வரவழைத்துப் பாருங்கள். துவைத்தும் பாருங்கள்! ஷோரூமில் யாரும் துவைத்துப் பார்க்க விடமாட்டார்கள். சாயம் போகிறதா, சுருங்குகிறதா என்பது ஒரு வாளித் தண்ணீரில் தெரிந்துவிடும். முதல் வருடக் கடைக்காரருக்கு இதுவே போதும் என்று சொல்லத் தோன்றுகிறது, சொன்னால் யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் பாரிஸ் போகணும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | உள்ளே போவது | துணியைத் தொடுவது | ஆர்டர் காலம் | எதிர்பாராத செலவு |
|---|---|---|---|---|
| சொந்த ஊர் வாரங்கள் | எழுதிக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் | பட்டறையிலேயே | அடிக்கடி பொருந்தாது | தடுப்பூசி, தேதி மாற்றம், உள்ளூர்ப் பயணம் |
| பாரிஸ், மிலன், ஃபுளோரன்ஸ் | தொழில் சான்று வேண்டும் | ஷோரூமில் தாராளமாக | மிகச் சரி | விசா, ஹோட்டல் |
| துபாய் | சுலபம் | ஓரளவு | சரி | தேடியது கிடைக்காத ஏமாற்றம் |
| ஷாங்காய் | நடுத்தரம் | தாராளமாக | சரி | மொழிபெயர்ப்பாளர் |
| அருங்காட்சியகம் | டிக்கெட் போதும் | கண்ணால் மட்டும் | கிடையாது | பெரிதாக இல்லை |
| வீட்டிலிருந்து | எல்லோருக்கும் | சேம்பிள் வாங்கினால் | நீங்கள் வைத்ததே | அஞ்சல், சுங்கம் |

## எங்கே போனாலும் துரத்தும் செலவு

சுங்கவரியை விலைப்பட்டியலில் யாரும் எழுதமாட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறக்குமதியாகும் பெரும்பாலான உடைகளுக்குப் பொது விகிதம் 12 சதவீதம். ஆனால் செனகல் மாதிரி, மிகக் குறைந்த வளர்ச்சி பெற்ற நாடுகள் பட்டியலில் உள்ள இடத்திலிருந்து வந்து, தயாரிப்பிடச் சான்றும் சரியாக இருந்தால் வரியே இல்லை. நைஜீரியா அந்தப் பட்டியலில் இல்லை. ஒரே விலைக்கு இரண்டு சட்டை, ஒன்று டக்காரிலிருந்து, ஒன்று லாகோஸிலிருந்து என்றால் கடை வாசலில் வந்து சேரும்போது இரண்டும் ஒரே விலை அல்ல. அமெரிக்காவில் கடை வைத்திருப்பவர்களுக்கு, சின்னப் பார்சலுக்கு வரி இல்லை என்ற பழைய வசதி 2025 ஆகஸ்ட் 29-உடன் எல்லா நாடுகளுக்கும் போய்விட்டது. ஐந்தைந்து உடையாக வரவழைத்து விற்றவர்களின் கணக்கு அன்றோடு மாறியது.

வடிவமைப்பாளராகப் போகிறவர் பெட்டியில் தன் சேம்பிள்களை எடுத்துப்போனால் விமான நிலையத்தில் அது சரக்கு. ஏ.டி.ஏ. கார்னே என்ற ஆவணம் இருந்தால் வரி கட்டாமல் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரலாம், ஒரு வருடம் வரை செல்லும், உங்கள் நாட்டு வணிகர் சங்கத்தில் வாங்கலாம். எல்லா நாடுகளும் ஏற்பதில்லை, முதலில் விசாரியுங்கள். அதில் எழுதிய உடையை அங்கேயே யாருக்காவது விற்றால், அல்லது ஆசையாகப் பரிசளித்தால்கூட, திரும்பும்போது கணக்கு உதைக்கும்.

கடைசியாக ஒரு காரியம், இதற்குக் காசே ஆகாது. டிக்கெட் போடுவதற்கு முன்னால் பார்க்க விரும்பும் வடிவமைப்பாளர்களில் பத்துப் பேருக்கு எழுதுங்கள். மூன்று கேள்வி போதும்: அந்த வாரம் நீங்கள் ஊரில் இருப்பீர்களா, துணியை எங்கே கையில் எடுத்துப் பார்க்கலாம், இப்போது ஆர்டர் கொடுத்தால் எந்த மாதம் கைக்கு வரும். நான் இப்படி எழுதிய ஒரு தடவை பத்தில் நான்கு பேர் பதில் போட்டார்கள், அந்த நால்வரில் மூவர் நான் போவதாக இருந்த வாரத்தில் வேறு ஊரில் இருப்பதாகச் சொன்னார்கள். டிக்கெட்டை அந்த ஊருக்கே மாற்றிப் போட்டேன்.